ஒரு புள்ளியோடு வந்தவர்கள்

2017 ஓகஸ்ட் 9 முதல் 13 வரை மொன்றியல் நகர மையத்தில் இருக்கும் ஷெரட்டன் விடுதியில் விக்கிமேனியா மாநாடு நடந்தது. விக்கிப்பீடியாவிலும் அதன் உறவுத் திட்டங்களிலும் சம்பளம் இல்லாமல் எழுதுகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவை கூடும் இடம் அது. நான் பதிவு செய்திருக்கவில்லை. மதிய இடைவேளையில் அந்த வழியால் நடந்தபோது, கழுத்தில் அட்டை தொங்க வெளியே நின்று கதைத்துக்கொண்டிருந்தவர்களைக் கண்டேன். முதன்முறையாகச் சந்திக்கும் இருவர். ஒருவர் மற்றவரிடம் கேட்டது காதில் விழுந்தது: எவ்வளவு காலமாக எழுதுகிறீர்கள், இதுவரை எத்தனை தொகுப்புகள்?

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் ஒழுங்கைக்குள் புதுமுகம் ஒன்று நுழைந்தால் படலையடியில் நிற்கும் பெரியவர் கேட்கும் கேள்வியும் இதுதான். "தம்பி எவடம்? ஆற்றை பொடியன்?" பதில் சரியாக இருந்தால் தண்ணீர் கிடைக்கும், தேத்தண்ணி கிடைக்கும். சரியில்லாவிட்டால் படலை திறக்காது. அந்தக் கேள்விக்கு அடியில் சாதி இருந்தது என்பதையும், எந்தப் பதிலுக்கு எந்தக் கோப்பையில் தண்ணீர் வரும் என்பதையும் நாங்கள் மறந்துவிட்டதுபோல நடிக்க வேண்டியதில்லை.

இணையம் வந்தபோது எங்களில் பலருக்கு அதில் பிடித்த விசயமே, அங்கே இந்தக் கேள்வி இல்லை என்பதுதான். ஊரும் தகப்பன் பேரும் வேண்டாம்; எழுதுவதை மட்டும் பார்ப்பார்கள் என்று நம்பினோம். அந்த நம்பிக்கை எப்படி எண்களாக மாறியது, அந்த எண்கள் புதிதாக வருபவரை என்ன செய்தன என்பதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம்.

*

முதலில் மிகப் பழைய ஓர் எண். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உத்தரமேரூர்ப் பிராமணச் சபை, தன் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்வது எப்படி என்று கோயில் சுவரில் வெட்டி வைத்தது. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பானைக்குள் கைவிடும் சிறுவனைத்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் கல்வெட்டு அதிகம் கவலைப்படுவது, யாருடைய பெயரை ஓலையில் எழுதலாம் என்பதைப் பற்றி. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவனுடைய உறவினரும் சேர முடியாது. ஒருவனுடைய நற்பெயரை அளக்க ஊர் தன் கையிலிருந்த அளவுகோல்களை எல்லாம் எடுத்து அடுக்கியிருக்கிறது.

இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வயது 30க்கு மேல் 60க்குள் என்கிறது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 35க்கு மேல் 70க்குள் என்கிறது. இரண்டே ஆண்டில் வாசற்படி ஐந்து வயது உயர்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் மூத்தவர்களுக்கோ பத்து வயது கூடக் கிடைத்திருக்கிறது. ஏன் அப்படி மாற்றினார்கள் என்று கல் சொல்லவில்லை. ஆனால் பிறகு வந்த எல்லாச் சமூகங்களின் கதையையும் படிக்கும்போது இந்த இரண்டு வரிகள் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகின்றன.

அதே கல்லில் இன்னொரு விதியும் இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவனுடைய பெயரை ஓலையில் எழுதக்கூடாது. இதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

*

இணையத்தின் தொடக்க காலத்தில் புள்ளிகள் இருக்கவில்லை. யூஸ்நெட் எனப்பட்ட உரையாடல் வலையில் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தினர்தான் இருந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பரில் புது மாணவர்கள் வருவார்கள். ஒழுங்கு தெரியாமல் கத்துவார்கள். பழையவர்கள் திட்டித் திருத்துவார்கள். மாரி தொடங்குவதற்குள் எல்லாம் அடங்கிவிடும். 1993க்குப் பிறகு வணிக நிறுவனங்கள் வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கத் தொடங்கின. புதியவர் வரத்து நிற்கவே இல்லை. பழையவர்கள் அந்தக் காலத்துக்கு 'முடிவில்லாச் செப்டெம்பர்' என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே வெறுப்பு இருக்கிறது.

பிறகு 1995இல் தொடங்கிய ஏலத் தளமான ஈபே, அடுத்த ஆண்டே ஒரு வழி கண்டது. வாங்கியவரும் விற்றவரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடலாம். முகம் தெரியாதவருக்குக் காசு அனுப்பும் துணிவு மனிதருக்கு அந்த எண்ணால் வந்தது. 1997இல் தொடங்கிய ஸ்லாஷ்டொட் என்ற கணினிச் செய்தித் தளம், பின்னூட்டம் எழுதுபவரின் மதிப்புக்குக் 'கர்மா' என்றே பெயர் சூட்டியது. எங்கள் சொல் ஒன்று அமெரிக்காவுக்குப் போய் மதிப்பெண்ணாக மாறியது இப்படித்தான்.

2001இல் எரிக் ஃப்ரீட்மன், போல் ரெஸ்னிக் என்ற இரு ஆய்வாளர்கள், மலிவான புனைபெயர்களின் சமூகச் செலவு பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் சாரம் எளிமையானது. ஊரில் ஒருவன் ஏமாற்றினால் அவன் பெயர் கெடும். வேறு பெயரோடு திரும்பி வர முடியாது. இணையத்தில் முடியும். பெயர் கெட்டால் அதை எறிந்துவிட்டு ஐந்து நிமிடத்தில் புதுப் பெயர் எடுக்கலாம். ஆகவே புதுப் பெயரோடு நிற்பவர் உண்மையிலேயே புதியவரா, பழைய கள்ளனா என்று தெரியாது. இந்த நிலையில் ஒரு சமூகம் எல்லாப் புதியவர்களையும் கொஞ்சம் மட்டமாக நடத்துவது பகுத்தறிவுக்கு ஒத்த செயல்தான் என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சுருக்கமாகச் சொன்னால், பழைய கள்ளனுக்கான அபராதத்தைப் புதிய நல்லவர் கட்டுகிறார்.

நான் முதுகலை முடித்து இங்கே வேலை தேடிய மாதங்களில் இந்தக் கட்டுரையைப் படித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நேர்முகத் தேர்வு ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: கனடிய அனுபவம் உண்டா? அனுபவம் இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அனுபவம் வருவது எப்படி என்று கேட்க அந்த மேசையில் இடமில்லை. 2013இல் ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம், கனடிய அனுபவத்தைக் கண்டிப்பான தகுதியாகக் கேட்பது முதல் பார்வையிலேயே பாகுபாடு என்று கொள்கை வெளியிட்டது. மொன்றியலில் அதோடு பிரெஞ்சும் சேர்ந்துகொள்ளும். எனக்கு முன் வந்தவர்களில் எத்தனை பொறியியலாளர்கள் கோத்-டெ-நேஜ் பக்கம் உணவகங்களின் பின்கதவால் வேலைக்குப் போனார்கள் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

*

எண்களைக் கொண்டு கட்டிய சமூகங்களில் நிரல் எழுதுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் 2008 செப்டெம்பரில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கேள்வி கேட்கலாம், பதில் சொல்லலாம், நல்லதற்கு வாக்குப் போடலாம். வாக்குகள் புள்ளிகளாகும். புள்ளிகள் உரிமைகளாகும்.

புதிதாக வருபவர் ஒரு புள்ளியோடு தொடங்குகிறார். 15 புள்ளி சேர்ந்தால் மற்றவருக்கு ஆதரவு வாக்குப் போடலாம். 50 சேர்ந்தால் எங்கும் பின்னூட்டம் இடலாம். 125 சேர்ந்தால் எதிர் வாக்கு. 2,000 சேர்ந்தால் பிறர் எழுத்தை அனுமதி கேளாமல் திருத்தலாம். 3,000 சேர்ந்தால் ஒரு கேள்வியை மூடுவதற்கு வாக்களிக்கலாம். 10,000 சேர்ந்தவருக்கு நீக்கப்பட்டவையும் தெரியும். படிப்படியாக நம்பிக்கை கொடுக்கும் ஏற்பாடு. கணினிக்காரன் கண்ணுக்கு மிக அழகானது.

ஆனால் அந்த 50 என்ற எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு பதிலில் ஏதோ விளங்கவில்லை. பதில் சொன்னவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். அதற்குரிய இடம் பின்னூட்டம். புதியவரிடம் 50 புள்ளி இல்லை. அவருக்குத் திறந்திருக்கும் ஒரே பெட்டி 'பதில்' என்ற பெட்டி. அதில் தன் சந்தேகத்தை எழுதுகிறார். உடனே, இது பதில் இல்லை என்று எதிர் வாக்கு விழுகிறது, பிறகு நீக்கப்படுகிறது. சரியான கதவு பூட்டியிருந்ததால் யன்னலால் வந்தவரை யன்னலால் வந்ததற்காக அடிப்பது போன்றது இது. கனடிய அனுபவக் கேள்வியின் அதே சுழல்.

இன்னொரு சின்ன எண். 2010 முதல் 2019 வரை, நல்ல பதிலுக்கு விழும் ஒவ்வொரு வாக்குக்கும் 10 புள்ளி. நல்ல கேள்விக்கு 5 மட்டுமே. புதியவர் கையில் கொண்டுவருவது பெரும்பாலும் கேள்விதான். அவர் கொண்டுவரும் பொருளுக்குச் சந்தையில் பாதி விலை.

பழையவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒரே கேள்வியை நூறாவது தடவை பார்க்கும்போது எவருக்கும் பொறுமை போகும். அந்தத் தளத்தின் பயன் கேட்பவரோடு முடிவதில்லை. பின்னால் கூகுளில் தேடி வந்து சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போகும் இலட்சக்கணக்கானவர்களுக்காகவே அது கட்டப்பட்டது. குப்பை சேர்ந்தால் அவர்களுக்கு நட்டம். மூடுபவர்கள் வேலியைக் காப்பதாகவே நினைத்தார்கள், காத்தும் இருந்தார்கள். ஆனால் 2018 ஏப்ரலில் நிறுவனமே முன்வந்து, தங்கள் இடம் புதியவர்களையும், குறிப்பாகப் பெண்களையும் வெள்ளையரல்லாதோரையும் வரவேற்பதாக இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் புது நடத்தை விதிகள் வந்தன. முதன்முறை கேட்பவரின் பெயருக்குப் பக்கத்தில், இவர் புதியவர், கனிவாக இருங்கள் என்று ஒரு குறிப்பும் தோன்றத் தொடங்கியது. கனிவைக் கூட நிரலாக எழுதிச் சேர்க்க வேண்டிய நிலை.

*

விக்கிப்பீடியாவின் கதை இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. அதன் மூத்த சகோதரம் நூப்பீடியா, 2000இல் பிறந்தது. அதில் அறிஞர்கள் எழுத வேண்டும். ஏழு கட்டச் சரிபார்ப்பு உண்டு. 2003இல் மூடப்படும்வரை ஏறத்தாழ இரண்டு டசின் கட்டுரைகளே அந்த ஏழு வாசல்களையும் கடந்தன. 2001 ஜனவரியில், யாரும் வரலாம், எதையும் திருத்தலாம் என்று திறந்துவிட்ட விக்கிப்பீடியா அதை விழுங்கியது. 'புதியவரைக் கடிக்காதீர்கள்' என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் எழுதப்பட்ட வழிகாட்டல்களில் ஒன்று.

ஆனாலும் கடித்தார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் மாதம் ஐந்து தொகுப்புக்கு மேல் செய்பவர்கள் 2007இல் ஐம்பதினாயிரத்தைத் தாண்டினார்கள். அடுத்த ஆறேழு ஆண்டுகளில் அது முப்பதினாயிரம் அளவுக்கு இறங்கியது. ஏரன் ஹாஃபேக்கரும் மூன்று தோழர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு காரணம் தேடியது. வருபவர்களின் தரம் குறைந்துவிட்டதா? இல்லை, நல்ல நோக்கத்தோடு வருபவர்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை. மாறியது உள்ளே இருந்தவர்களின் கருவிகள். நாசவேலையைத் தடுக்க ஒரு சொடுக்கில் திருத்தத்தை அழிக்கும் மென்பொருள்கள் வந்திருந்தன. கள்ளனுக்காகப் போட்ட முள்வேலி விருந்தாளியையும் கிழித்தது. அவர்கள் கண்ட இன்னொன்று எனக்கு உத்தரமேரூரை நினைவூட்டியது: காலம் போகப் போக விதிகள் இறுகின, அவற்றைத் திருத்தப் புதியவர்கள் செய்த முயற்சிகள் முன்பைவிட அதிகம் நிராகரிக்கப்பட்டன.

தமிழ் விக்கிப்பீடியாவின் அளவு வேறு. 2003 செப்டெம்பர் இறுதியில் பெயர் குறிப்பிடாத ஒருவர் தொட்டுவிட்டுப் போன வெற்றிடம் அது. நவம்பரில் இ. மயூரநாதன் அங்கே வந்தார். யாழ்ப்பாணத்தவர், கட்டடக்கலைஞர், அப்போது ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை. முதல் ஓராண்டு பெரும்பாலும் தனியாகவே எழுதினார். பிறகு ஆயிரக்கணக்கான கட்டுரைகள். 2015க்கான இயல் விருதை ரொறொன்ரோவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு வழங்கியது. தனியாக எழுதிய அந்த ஆண்டில் அவருக்குப் புள்ளி போட ஆள் இருக்கவில்லை. குறைக்கவும் ஆள் இருக்கவில்லை. முதல் ஆளாக வருவதில் இப்படி ஒரு வசதி உண்டு.

அங்கே பொது உரையாடல் நடக்கும் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். உதவி கேட்கும் பக்கம் 'ஒத்தாசைப் பக்கம்'. எழுதிப் பழகும் இடம் 'மணல்தொட்டி'. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. புதுக் கணக்குத் திறந்தவரின் பேச்சுப் பக்கத்தில் 'வாருங்கள்' என்று தொடங்கும் வாழ்த்து வந்து விழும். பெயர்களில் இருக்கும் ஊர் வாசனை செயலிலும் இருந்ததா என்பதற்கு இரண்டு சோதனைகள் வந்தன.

முதலாவது 2009இல். கூகுள் நிறுவனம் ஊதியம் கொடுத்து மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றத் தொடங்கியது. நீண்ட நீண்ட கட்டுரைகள். தமிழருக்கு அவசரமாகத் தேவைப்படாத அமெரிக்கப் பிரபலங்கள் பலர் தமிழ் பேசினார்கள். வாக்கியங்கள் கருவியின் சாடையில் இருந்தன. பேச்சுப் பக்கத்தில் தன்னார்வலர்கள் எழுதிய கேள்விகளுக்குப் பதில் வருவது அரிது. அவர்கள் வேலைக்கு வந்தவர்கள். ஆலமரத்தடிக்கு வந்தவர்கள் அல்லர். தமிழ்ச் சமூகம் முழுவதையும் நீக்கிவிட்டுக் கதவைப் பூட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. எந்தத் தலைப்புகள் தேவை, எவற்றைத் திருத்த வேண்டும் என்று கூகுளோடு பேசினார்கள். 2010இல் போலந்தின் குடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியாவில் அ. இரவிசங்கர் அந்த அனுபவத்தைக் கட்டுரையாக வாசித்தார். பெரிய நிறுவனம் ஒன்று தன்னைப் புதியவர் என்று உணராமல் நுழைந்தபோது, சிறிய ஊர் ஒன்று அதை உட்காரவைத்துப் பேசிய கதை அது.

இரண்டாவது 2017இல். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்ந்து அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மாவட்டந்தோறும் பயிற்சி நடந்தது. ஒரே வேளையில் நூற்றுக்கணக்கான புதியவர்கள். அந்த ஆண்டிலேயே தமிழ் விக்கிப்பீடியா ஓர் இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. ஆனால் வந்து குவிந்தவற்றில் பாடநூலில் இருந்து அப்படியே எடுத்தவையும், ஏற்கெனவே இருந்த தலைப்புகளும் இருந்தன. சரிபார்க்கும் கைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆங்கிலத்தில் ஆயிரம் பேர் செய்யும் காவலைத் தமிழில் பத்துப் பேர் செய்கிறார்கள். அந்தப் பத்துப் பேருக்கும் களைப்பு வரும்; களைத்தவர் எழுதும் நீக்கல் குறிப்பில் கனிவு குறையும். ஒரு ஆசிரியை தன் ஊர்க் குளத்தைப் பற்றி எழுதியது சான்று இல்லை என்று மறுநாள் காணாமல் போனால், அவர் விக்கிப்பீடியாவின் விதியைக் கற்றுக்கொள்வதில்லை. 'இது எங்களுக்கான இடமில்லை' என்பதைத்தான் கற்றுக்கொள்கிறார்.

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு முள்ளும் உண்டு. நான் மொன்றியல் என்று எழுதுவேன். சென்னைக்காரர் மாண்ட்ரியல் என்பார். நான் ரொறொன்ரோ என்றால் அவர் டொராண்டோ என்பார். கட்டுரை நீக்கப்படுவதை ஒருவர் தாங்கிக்கொள்வார். தன் வாயிலிருக்கும் சொல்லைப் பிழை என்று யாரோ திருத்தினால் தாங்கமாட்டார். தமிழ் விக்கிப்பீடியா இதற்குக் கண்ட வழி எளிமையானது: வழிமாற்றுப் பக்கம். எந்த எழுத்தில் தேடினாலும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும். இதற்குப் புள்ளியோ தீர்ப்போ தேவைப்படவில்லை. இரண்டு படலைகள், ஒரு வீடு. தொடக்கத்தில் இருந்தே இலங்கையரும் தமிழ்நாட்டவரும் சேர்ந்து எழுதியதால் இது முடிந்தது என்று நினைக்கிறேன்.

*

நான் குற்றமற்றவன் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கேள்வி-பதில் தளத்தில் மூடும் உரிமை கிடைக்கும் அளவுக்குப் புள்ளிகள் சேர்த்திருந்தேன். இரவு வேலை முடிந்து, தேத்தண்ணியோடு மூடவேண்டிய கேள்விகளின் வரிசையைப் பார்ப்பது ஒரு பழக்கமாகவே இருந்தது. ஒருநாள் யாரோ ஒருவர், தமிழ் எழுத்துகள் தன் நிரலில் கட்டங்களாகத் தெரிகின்றன என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். 'ஸ்ரீ' சேராமல் பிரிந்து நிற்கும் படம் ஒன்றையும் போட்டிருந்தார். எனக்குப் பதில் தெரியும். எழுத்துருவை மாற்றச் சொன்னால் முடிந்தது. ஆனால் அதே மாதிரிக் கேள்வி, அரபு மொழி பற்றி, ஏற்கெனவே இருந்தது. 'ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று சொடுக்கினேன். பத்து விநாடிகூட ஆகியிராது. விதிப்படி அது சரி.

சில மாதம் கழித்து வேறு காரணத்துக்காக அந்தப் பக்கத்துக்குப் போனேன். அந்தக் கணக்கில் ஒரு கேள்விதான் இருந்தது. ஒரு புள்ளிதான் இருந்தது. அந்த ஒரு நாளுக்குப் பிறகு அவர் வரவே இல்லை. அவர் யாழ்ப்பாணத்துப் பொடியனா, மட்டக்களப்பில் இருந்த பெண்ணா, கோயம்புத்தூர் மாணவரா என்று தெரியாது. 'ஆற்றை பொடியன்' என்று நான் கேட்கவில்லைத்தான். கேட்டிருந்தால் ஒருவேளை பதில் சொல்லியிருப்பேன் என்று நினைக்கும்போதுதான் வெட்கமாக இருக்கிறது.

2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்தது. ஒரு வாரத்துக்குள் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதன் பதில்களைத் தடைசெய்தது. பதில்களைத் தடுக்கலாம், கேட்பவர்கள் வேறு இடத்துக்குப் போவதைத் தடுக்க முடியாது. கேள்விகள் வேகமாகக் குறைந்தன. இயந்திரம் 50 புள்ளி கேட்பதில்லை; முட்டாள் கேள்வி என்று சொல்வதும் இல்லை. அந்த இயந்திரம் கற்றுக்கொண்டது, இப்படிப்பட்ட சமூகங்களில் மனிதர்கள் எழுதிவைத்ததில் இருந்துதான். ஆங்கிலத்துக்கு அந்தக் களஞ்சியம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. தமிழுக்கு அப்படி இல்லை. நாம் கடித்து அனுப்பிய ஒவ்வொரு புதியவரும் எழுதாமல் விட்ட பக்கங்கள் தமிழில் நேரடியான நட்டம். அந்தக் குளத்தைப் பற்றி வேறு எவரும் எழுதப்போவதில்லை.

உத்தரமேரூர்க் கல்லுக்குத் திரும்புகிறேன். அது மற்றச் சாதியாருக்கும் பெண்களுக்கும் கதவே இல்லாத சபை. அதை முன்மாதிரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்றாண்டு விதியில் ஒரு புத்தி இருக்கிறது. நற்பெயர் எவ்வளவு இருந்தாலும், இருந்தவர் எழுந்து கொஞ்சக் காலம் வெளியே நிற்க வேண்டும். எங்கள் புள்ளிகள் காலாவதியாவதில்லை. 2009இல் சேர்த்த அதிகாரம் 2019இலும் கையில் இருந்தது. அந்த இடைவெளியில் புதியவராக இருப்பது எப்படி இருக்கும் என்பதை நான் முற்றாக மறந்திருந்தேன். மறந்தவரின் கையில்தான் மூடும் பொத்தானும் இருந்தது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் 2012இல் புதியவர்களுக்காக ஒரு தேநீரகம் திறந்தார்கள். பழையவர்கள் அங்கே காத்திருந்து, எந்தக் கேள்வியையும் ஏளனம் செய்யாமல் பதில் சொல்ல வேண்டும். அழைப்புக் கிடைத்தவர்களில், கிடைக்காதவர்களை விடச் சற்றுக் கூடுதலானோர் தங்கினார்கள் என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. சற்றுத்தான். ஆனால் தமிழ் போன்ற சிறிய ஊரில் அந்தச் சற்று என்பது நாலைந்து ஆட்கள். நாலைந்து ஆட்கள் என்றால் காவற்காரரில் பாதி.

அந்தத் தளத்தில் எனக்கிருந்த உரிமைகளை இப்போது பயன்படுத்துவதில்லை. ஞாயிறு காலைகளில் அரை மணித்தியாலம், தமிழ் விக்கிப்பீடியாவில் புதிதாகக் கணக்குத் திறந்தவர்களின் முதல் தொகுப்புகளைப் பார்க்கிறேன். சான்று இல்லாவிட்டால் தேடிப் பார்க்கிறேன். கிடைத்தால் சேர்த்துவிட்டு, சேர்த்ததை அவருடைய பேச்சுப் பக்கத்தில் சொல்கிறேன். போன மாதம் ஒருவர் பதில் எழுதினார். ஒரே ஒரு கேள்வி: இதைத் திருத்த எனக்கு அனுமதி உண்டா?

உண்டு என்று எழுதினேன்.